ஊட்டிப் பக்கம் உறைபனியில் நாய், பூனை: கூண்டு, படுக்கை, சூடு, செய்யக்கூடாதவை

#1 கேத்தி_புதுசு

வணக்கம். விருதுநகரிலிருந்து இந்த மாதக் கடைசியில் கேத்திக்குக் குடி மாறுகிறோம். கூட வருவது: 3 வயது சிப்பிப்பாறை ஆண் (18 கிலோ), 11 வயது லேப்ரடார் பெண் (34 கிலோ, பின்னங்காலில் பிடிப்பு), ஒரு நாட்டுப் பூனை (4 கிலோ). வீட்டுக்காரர் நாய் உள்ளே வேண்டாம், வெளியில் ஷெட் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். வராந்தா உண்டு, அதற்குக் கதவு கிடையாது. எவ்வளவு குளிர் வரை தாங்கும்? ஸ்வெட்டர் போதுமா, ஹீட்டர் வேண்டுமா? கூண்டு செய்வதென்றால் என்ன அளவு?

#2 தலைக்குந்தா_பனி

கேத்தியில் எந்த இடம்? சரிவிலா, அடியிலா? அதைப் பொறுத்துத்தான் பதில்.

உறைபனி விழுவது மேகமும் காற்றும் இல்லாத இரவில். தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் ஓடுகிற மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் ரேஸ்கோர்ஸ், காந்தல், தலைக்குந்தா, பொட்டானிக்கல் கார்டன் புல்வெளி எல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற அதே காலையில் மேட்டு வீட்டு வாசலில் வெறும் ஈரம்தான் இருக்கும். கேத்தி முழுக்கப் பள்ளத்தாக்கு. தோட்டத்தின் கீழ் எல்லைச் சுவரை ஒட்டிக் கூண்டு வைத்தால், இறங்கி வரும் குளிர்க்காற்றுக்கு அந்தச் சுவரே அணையாகிவிடும். நாய் அதற்குள் மூழ்கிக் கிடக்கும். கூண்டு மேல் பக்கம், வீட்டுச் சுவரை ஒட்டி, தலைக்கு மேல் ஏதாவது ஒரு கூரையோடு இருக்கட்டும். திறந்த வானம் தெரிகிற இடம் வேண்டவே வேண்டாம்.

இரவு பத்து மணிக்குப் போய்ப் பார்த்து "பரவாயில்லை, தாங்கும்" என்று முடிவு செய்யாதீர்கள். ஆகக் குறைந்த வெப்பநிலை சூரியன் உதிக்கிற நேரத்தை ஒட்டித்தான் வரும். பேப்பரில் வரும் அளவும் தரைக்கு மேலே, ஆள் உயரத்தில் எடுத்தது. நாய் படுக்கிற உயரத்தில் அதைவிடக் குறைவாக இருக்கும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்துவைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒரு வாரம் மாட்டிப் பாருங்கள். பிறகு பேசலாம்.

இன்னொன்று. எல்லோரும் ஜனவரி உறைபனிக்குப் பயப்படுகிறார்கள். நாய்க்கு மோசமான காலம் அதற்கு முன்னால் வருகிறது: ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து பகல் முழுக்க 10 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும் நாட்கள். உறைபனிக்காலம் வறண்டது, பகலில் நல்ல வெயில் உண்டு. மழைக்காலத்தில் ரோமம் காயவே காயாது.

#3 கால்நடை_உதவியாளர்

மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஈரம்தான் முதல் எதிரி, காற்று இரண்டாவது, வெப்பநிலை மூன்றாவது. நனைந்த ரோமத்தில் காற்றுத் தங்காது. காற்றுத் தங்காவிட்டால் அது போர்வையும் இல்லை.

எண்களாகச் சொன்னால்: சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே குட்டிகள், கிழ நாய்கள், ஒல்லியான குட்டைமுடி நாய்கள் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே எந்த நாயும் பாதுகாப்பில்லாமல் வெளியில் இருக்கக்கூடாது. இமயமலை நாய்கள் கதை வேறு, அவற்றுக்கு மேல்முடிக்கு அடியில் அடர்ந்த மெல்லிய அடிரோமம் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வெயில் காட்டு நாய்கள். தோல் மெலிசு, முடி குட்டை, அடிரோமம் பேருக்குக்கூட இல்லை, கொழுப்பும் இல்லை. வேட்டைக்கு ஓடச் செய்த உடல் அது.

லேப்ரடாருக்கு அடிரோமம் உண்டு. ஆனால் 11 வயது, மூட்டுப் பிடிப்பு என்கிறீர்கள். அதன் சிக்கல் குளிர்ந்த தரை. விறைத்த மூட்டோடு எழ முடியாமல் படுத்த இடத்திலேயே சிறுநீர் போகும், அதில் நனையும், அதனால் மேலும் குளிரும். அதை வெளியில் வைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வீட்டுக்காரரிடம் அடுப்படிக்குப் பின்னால் ஒரு மூலையாவது கேளுங்கள். 4 அங்குலம் கனமான கெட்டி ஃபோம், மேலே கழற்றித் துவைக்கக்கூடிய ரெக்சின் உறை, அதற்கு மேல் ஒரு கம்பளி. டைல்ஸ் தரையில் அது எழுந்து நிற்கும் இடத்தில் ரப்பர் மேட் விரியுங்கள், வழுக்கினால் இடுப்பு போய்விடும். நகத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள்.

வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும், சாதாரண டிஜிட்டல் போதும். நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் 2 செ.மீ. நாய்க்கு இயல்பு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். பூனைக்கும் ஏறக்குறைய அதேதான். 98.6க்குக் கீழே போனால் சூடேற்ற ஆரம்பியுங்கள். 95க்குக் கீழே மருத்துவரிடம் கிளம்புங்கள். 90 என்றால் உயிருக்கே ஆபத்து.

நடுக்கம் நின்றுவிட்டால் "சரியாகிவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். உடல் சூடாகாமலேயே நடுக்கம் நின்றால் அதற்கு நடுங்கவும் தெம்பில்லை என்று பொருள். தள்ளாட்டம், ஈறு வெளுத்துப் போவது, கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவது எல்லாம் அதைத் தொடர்ந்து வரும்.

#4 பழைய_பங்களா

என்னங்க இது, நாட்டு நாய்க்கு ஃபோம் மெத்தையா? மலையில நாய் வளக்கறது காவலுக்கு. நாலு தலைமுறையா வெளியிலதான் கட்டிப் போட்டிருக்காங்க. ஒரு சாக்கு போட்டா சுருண்டு படுத்துக்கும். உள்ள வச்சுப் பழக்கினா வெளிக்குளிரு தாங்காமப் போயிடும்.

#5 கால்நடை_உதவியாளர்

அண்ணா, கடைசி வரியில் உண்மை உண்டு. நாய் குளிருக்குப் பழகும், அதற்குச் சில வாரம் பிடிக்கும். ரோமம் அடர்த்தியாகும், உடல் எரிக்கும் சக்தி கூடும். மலையிலேயே பிறந்து ஆவணியிலிருந்து வெளியில் படுக்கும் நாய்க்கும், மார்கழியில் விருதுநகரிலிருந்து வேனில் வந்து இறங்கும் நாய்க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். இவருடைய சிப்பிப்பாறைக்கு இந்த வருஷம் பழக நேரமே இல்லை.

சாக்கு விஷயம் மட்டும் தவறு. சாக்கு, பழைய போர்வை, கோட்டு எல்லாம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாயின் மூச்சு ஈரம், பனி ஈரம், காலில் வந்த சேறு எல்லாம் சேர்ந்து விடியற்காலையில் அது ஒரு குளிர்ந்த ஒத்தடமாகிவிடும். வெளிக்கூண்டுக்கு வைக்கோல்.

#6 சிறுத்தை_எச்சரிக்கை

"கட்டிப் போடுவது" பற்றி ஒன்று. குன்னூர், கோத்தகிரி, கேத்தி எதுவானாலும் இது சிறுத்தை நடமாடும் ஊர். சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வழியில்லை. காவலுக்கு என்று கட்டினால் அது சிறுத்தைக்கு வைத்த சாப்பாடு. குளிரைவிட இதற்காகவே இரவில் உள்ளே வைக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் வராந்தாவை 2 அங்குலக் கண் உள்ள கனத்த வெல்டு மெஷ்ஷால் முழுக்க அடையுங்கள். மேல் பக்கமும் சேர்த்து. சிறுத்தைக்கு ஏறத் தெரியும். கோழிக்கூண்டுக்குப் போடும் அறுகோண வலை எதற்கும் உதவாது, ஒரே அடியில் கிழியும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம், கீழேயும் மேலேயும் இரண்டு.

#7 குன்னூர்_ஆசாரி

கூண்டு அளவு கேட்டீங்கள்ல. எல்லாரும் பண்ற தப்பு பெரிசா அடிக்கறதுதான். கூண்டுக்கு அடுப்பு கிடையாது, நாயோட உடம்புதான் அடுப்பு. பெரிய கூண்ட அது சூடாக்க முடியாது.

அளவு எடுக்கற முறை: மூக்கு நுனியிலேருந்து வால் ஆரம்பிக்கற இடம் வரை ஒரு அளவு, அதோட கால்வாசி கூட்டினா உள் நீளம். நின்னா முதுகு இடிக்காம, திரும்பிப் படுக்கற அளவு அகலம். சிப்பிப்பாறைக்கு உள்ளளவு 110 செ.மீ. நீளம், 75 அகலம், 75 உயரம் போதும். உங்க நாய அளந்துட்டு மாத்திக்குங்க.

சுவர் மூணு அடுக்கு: வெளியில 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், நடுவுல 25 மி.மீ. தெர்மோகோல், உள்ள 6 மி.மீ. பிளைவுட். தரை, சுவர், கூரை எல்லாத்துக்கும் இதே. இந்த அளவுக்கு மொத்தப் பரப்பு நாலரை சதுர மீட்டருக்குக் கிட்ட வரும். 8க்கு 4 பிளைவுட் 12 மி.மீ.யில ரெண்டு, 6 மி.மீ.யில ரெண்டு. ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மோகோல் ஷீட் பத்து. ஒன்றரை அங்குல ரீப்பர்ல சட்டம், அதுக்கு இடையில தெர்மோகோலத் தட்டி இறக்கணும், சந்து விடக்கூடாது. உள்பக்கம் பிளைவுட் போடாம விட்டா நாய் ரெண்டே நாள்ல தெர்மோகோலக் கடிச்சுத் தின்னுடும், குடல்ல அடைக்கும். உள்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்காதீங்க, நக்கும்.

தரையிலேருந்து கூண்டு 15 செ.மீ. தூக்கி நிக்கணும். ஹாலோ பிளாக்கப் படுக்க வச்சு அது மேல வைங்க. கீழ காத்து போற பக்கத்த ஒரு பலகையால அடைச்சிடுங்க, இல்லாட்டி தரைக்கு அடியில காத்து அடிச்சுக் குளிரும்.

வாசல் நடுவுல வேண்டாம், நீளப்பக்கத்துல ஒரு ஓரமா வைங்க. உள்ள ஒரு தடுப்புப் பலகை குறுக்க நின்னா நாய் அதத் தாண்டி உள்ள போய்ப் படுக்கும், காத்து நேரா மேல படாது. தடுப்பு போடறதா இருந்தா நீளத்துல 35 செ.மீ. கூட்டிக்குங்க, அதுக்கு ஏத்த மாதிரி பிளைவுட்டும் கூடும். வாசல் உயரம் தோள்பட்டை உயரத்துல முக்கால் பங்கு, குனிஞ்சு போகட்டும். மறைப்புக்கு லாரி ட்யூப் ரப்பர வெட்டி ரெண்டு பட்டையா ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி தொங்க விடுங்க. முதல் வாரம் ஒரு பட்டையச் சுருட்டிக் கட்டி வச்சுப் பழக்குங்க. எடுத்ததுமே மூடினா பயந்து உள்ள போகாது.

தகரக் கூரைய மட்டும் தனியாப் போடாதீங்க. ராத்திரி தகரம் வேர்க்கும். நாயோட மூச்சுல இருக்கற ஈரம் அதுல பட்டு, தண்ணியாகி, நாய் மேலயே சொட்டும். தகரம் போடணும்னா பிளைவுட், தெர்மோகோல் கூரைக்கு மேல, ரெண்டு விரல் இடைவெளி விட்டு. அதே காரணத்துக்குத்தான் பின் சுவர்ல கூரைக்குக் கொஞ்சம் கீழ ஒரு அங்குலத் துளை ரெண்டு போடணும். "குளிரு உள்ள வருமே"ன்னு அடைச்சிடாதீங்க. அடைச்ச கூண்டு உள்ளேயே ஊறிப் போகும்.

கூரைக்குக் கீல் போடுங்க. வைக்கோல் மாத்த, கழுவ, அதில்லாம முடியாது.

#8 கேத்தி_புதுசு

நன்றிண்ணா. வாசல் எந்தப் பக்கம் பார்த்து? காலை வெயில் விழ கிழக்கு நல்லதுதானே?

#9 குன்னூர்_ஆசாரி

கார்த்திகை வரைக்கும் மழை வடகிழக்கிலேருந்துதான் வரும். நேர் கிழக்கு வச்சா சாரல் உள்ள அடிக்கும். தென்கிழக்கு பாத்து வைங்க.

#10 தலைக்குந்தா_பனி

நான் தெற்கு என்பேன். மலையில் காற்று சரிவையும் வீட்டு மூலையையும் பொறுத்துத் திரும்பும், திசைகாட்டியை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி வைத்து, மழை நாளிலும் விடியற்காலையிலும் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். தெற்கு வாசலுக்கு நாள் முழுக்க வெயில் கிடைக்கும்.

#11 குன்னூர்_ஆசாரி

ரிப்பன் யோசனை நல்லாருக்கு. ஆனா மழைக்கு நான் தென்கிழக்குதான்.

#12 ஸ்காபரோ_பூனை

பூனையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதால எழுதுறன். இஞ்ச ரொறன்ரோவில தெருப்பூனையளுக்குத் தெர்மோகோல் பெட்டியிலதான் கூடு செய்யிறவை. உங்கட ஊரில மீன் வாற தெர்மோகோல் பெட்டி கிடைக்கும்தானே, அதே போதும். சுவர் 3 செ.மீ.க்குக் குறையக்கூடாது. நல்லாக் கழுவி மீன் மணம் போக வெயிலில காய விடுங்கோ.

ஒரு மூலைப் பக்கமா 15 செ.மீ. வட்ட ஓட்டை வெட்டுங்கோ, அடியில இருந்து ஒரு சாண் உயரத்தில. அடியோட வெட்டினால் மழைத்தண்ணியும் வரும், வைக்கோலும் வெளியில கொட்டும். பெரிசா வெட்டினால் நாயும் தலையை விடும். மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, முழுப்பெட்டியையும் கறுப்புப் பொலித்தீனால சுத்தி, ரெண்டு கல்லுக்கு மேல வைச்சு, மேல ஒரு பாரம் வையுங்கோ. உள்ள வைக்கோல் பாதி உயரத்துக்கு, அமத்தாமல் தளர்வா. பூனை அதுக்குள்ள குடைஞ்சு தானே கூடு கட்டும். துவாய், போர்வை ஒண்டும் போடாதேங்கோ. சாப்பாடு, தண்ணி உள்ள வைக்கக்கூடாது, கவிழ்ந்தால் பெட்டி முழுக்க ஈரம்.

வைக்கோலும் காய்ஞ்ச புல்லும் ஒண்டில்லை. வைக்கோல் தண்டு உள்ளுக்குக் குழாய் மாதிரி, காத்து நிக்கும், தண்ணி ஒட்டாது. காய்ஞ்ச புல் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

காலமை கார் ஸ்டார்ட் பண்ண முதல் பொனெட்டில ரெண்டு தட்டுத் தட்டுங்கோ. எஞ்சின் சூட்டுக்குப் பூனை மேல ஏறிப் படுக்கும். ஃபேன் பெல்ட்டில மாட்டினால் மிச்சமில்லை.

மற்றது ரேடியேட்டர் கூலன்ட். எத்திலீன் கிளைக்கோல் கலந்தது இனிக்கும். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை மில்லியே கொல்லப் போதும். உங்கட 4 கிலோப் பூனைக்கு 6 மில்லி, ஒரு தேக்கரண்டியும் சொட்டும். நாய்க்கு கிலோவுக்கு நாலரை மில்லி அளவில. முதலில வெறியில தள்ளாடுற மாதிரி இருக்கும், பிறகு தெளிஞ்ச மாதிரி இருக்கும், அதை நம்பி விட்டால் சிறுநீரகம் போயிடும். மாற்று மருந்து பூனைக்கு 3 மணித்தியாலத்துக்குள்ள, நாய்க்கு 8க்குள்ள துவங்க வேணும். காருக்குக் கீழ பச்சை, ரோஸ் நிறத்தில ஒழுக்கு இருந்தால் உடனே மண்ணைப் போட்டு அள்ளிக் கழுவுங்கோ.

இஞ்ச றோட்டில உப்புப் போடுறதால பாதம் வெடிக்கும், சப்பாத்துப் போடுறம். உங்களுக்கு அது தேவையில்லை. நடந்து வந்தவுடன விரல் இடுக்கைத் துடைச்சுக் காய விட்டால் காணும்.

#13 கேத்தி_புதுசு

இதெல்லாம் தெரியாமல் இருந்தது. இன்னும் சில சந்தேகம். ஹீட்டரா, பல்பா? இங்கே சில வீடுகளில் கரி அடுப்பு வைக்கிறார்களே, அது? சளி பிடித்தால் நீலகிரித் தைலம் தடவலாமா? பிராந்தி ஒரு மூடி கொடுத்தால் சூடாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

#14 கால்நடை_உதவியாளர்

நான்கும் ஆபத்து, வரிசையாகச் சொல்கிறேன்.

நீலகிரித் தைலம்: ஊரெல்லாம் கடை, அதனால் கை அதற்குத்தான் போகும். வேண்டாம். தடவிய இடத்தை நாயும் பூனையும் நக்கும். எச்சில் வழியும், வாந்தி, தள்ளாட்டம், அளவு கூடினால் வலிப்பு. பூனையின் கல்லீரலுக்கு இந்த மாதிரி எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் திறன் குறைவு. கற்பூரம் கலந்த தைலம், வின்டர்கிரீன் எண்ணெய் எல்லாம் இதே கணக்குதான்; வின்டர்கிரீன் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது, மூட்டுவலிக்கு நல்லது என்று லேப்ரடார் காலில் தேய்த்துவிடாதீர்கள். மூக்கடைப்புக்கு வெறும் வெந்நீர் ஆவி: குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் கூட இருங்கள், போதும்.

மாத்திரை: நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். ஐபுப்ரோஃபென் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதுவும் வேண்டாம்.

பிராந்தி: குடித்தால் தோலுக்கு ரத்தம் பாயும், சூடு மாதிரி தோன்றும். உள்ளே இருந்த சூடுதான் தோல் வழியாக வெளியே போகிறது. மீந்த சூட்டையும் அது பறித்துக்கொள்ளும்.

கரி அடுப்பு: மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது. சாம்பல் பூத்து அணைந்த மாதிரி இருக்கும் கரியும் அதை விட்டுக்கொண்டேதான் இருக்கும். மலை விடுதிகளில் மனிதர்களே தூக்கத்தில் செத்த செய்திகள் வந்திருக்கின்றன. நாய் தரை மட்டத்தில்தான் படுக்கிறது, வாயு மேலே போய்விடும் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது காற்றோடு கலந்து அறை முழுக்கப் பரவும்.

ஹீட்டர், பல்பு: வைக்கோல் போட்ட கூண்டுக்குள் எந்த மின்சூடும் வேண்டாம். தீப்பிடிக்கும். வீட்டுக்குள் கிழ நாய்க்கு ஹீட்டிங் பேட் வைப்பதானால் தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் தானே அணைக்கும் கருவி) உள்ளது, படுக்கையின் பாதிக்கு மட்டும், ஒயருக்கு இரும்புக் குழாய் உறை, பிளக் இருக்கும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). பாதி படுக்கைக்கு என்பது முக்கியம். சுட்டால் நகர இடம் வேண்டும். எழ முடியாத நாய் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கிடந்து தோல் வெந்து போவது நடக்கிறது. கையை வைத்தால் நமக்கு இதமாகத்தான் இருக்கும், அப்படியும் வேகும்.

கரண்ட் போகிற ஊருக்கு எளிய வழி: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் கை பொறுக்கும் வெந்நீர், அதைப் பழைய காலுறைக்குள் விட்டுப் படுக்கை ஓரத்தில். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் நெளிந்து ஒழுகும். ஆறிய பாட்டிலை எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் அது சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும்.

#15 குட்டிக்கூடை

குட்டிகளைப் பற்றியும் சேர்த்து வைக்கிறேன். இந்தப் பருவத்தில் புதர், கால்வாய் ஓரம் என்று யார் கையிலாவது ஒன்று வந்து சேரும். தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடியும் தறுவாயில் சேர்ந்து, சுமார் 63 நாள் கழித்துச் சரியாகக் குளிரில் போடுகின்றன.

பிறந்த குட்டிக்கு முதல் வாரம் நடுங்கவே தெரியாது. அதன் உடல் வெப்பமே 94 முதல் 97 டிகிரி ஃபாரன்ஹீட்தான். சூடு முழுக்க வெளியிலிருந்து வர வேண்டும். பெட்டிக்குள் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், இரண்டாம் வாரம் 26 முதல் 29, நாலாம் வாரத்துக்கு 21 முதல் 24 போதும்.

இதற்குப் பல்பு சரி. ஆனால் வீட்டுக்குள், அட்டைப் பெட்டியில், துணி விரித்து. வைக்கோல் இல்லாமல். எல்.ஈ.டி. பல்பு போட்டுவிட்டு "சூடே வரலையே" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் வெளிச்சம்தான் வரும். 60 வாட் பழைய குண்டு பல்பு அல்லது கோழிக்குஞ்சுக்குப் போடும் சிவப்பு விளக்கு. பல்லடம், உடுமலைப் பக்கம் கோழித் தீவனக் கடைகளில் கேட்டால் தருவார்கள். கம்பி உறையோடு, படுக்கையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில், பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும். விளக்கைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், ஒயரில் வேண்டாம். குட்டிகளே தெர்மாமீட்டர்: ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கத்தினால் குளிர், ஆளுக்கொரு மூலையில் வாய் திறந்து கிடந்தால் சூடு அதிகம், பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூக்கத்தில் துள்ளினால் சரி.

இதைக் கவனமாகப் படியுங்கள்: குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊற்றாதீர்கள். எடுத்தவுடன் எல்லோரும் செய்வது அதுதான். 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குடல் வேலை செய்யாது. பால் உள்ளே நின்று புளிக்கும், அல்லது புரையேறி நுரையீரலுக்குப் போகும். முதலில் சூடு, அதுவும் மெதுவாக, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வதுதான் சிறந்த தொடக்கம். உடல் சூடாகி, வாய் வைத்து உறிஞ்ச ஆரம்பித்த பிறகு நாய்க்குட்டிக்கான பால்மாவு. தாய்நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். பசும்பாலில் தண்ணீர் வேறு கலந்தால் வயிறு நிறையும், குட்டி தேயும்.

பெண்நாய் வைத்திருப்பவர்கள், தெருநாய்க்குச் சோறு போடுபவர்கள் ஆடி மாதத்துக்குள் கருத்தடை செய்துவிட்டால் இந்தப் பதிவே தேவைப்படாது.

#16 பழைய_பங்களா

குட்டி விஷயம் எனக்கும் புதுசு. பால் ஊத்தக்கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. பெரிய நாய் விறைச்சுப் போயிருந்தா என்ன பண்றது? மருத்துவர் பக்கத்துல இல்ல.

#17 கால்நடை_உதவியாளர்

முதலில் உலர்த்துங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், பரபரவென்று தேய்க்காதீர்கள். உடம்பு மிகவும் குளிர்ந்திருந்தால் தூக்குவதும் கிடத்துவதும்கூட மெதுவாக. அப்போது இதயத்தின் துடிப்பு எளிதில் தடம் புரளும்.

சூட்டை நெஞ்சு, வயிற்றுப் பக்கம் வையுங்கள், கால்களில் வேண்டாம். காலைச் சூடாக்கினால் அங்கே தேங்கிய குளிர்ந்த ரத்தம் உள்ளே திரும்பி, உடல் வெப்பம் இன்னும் இறங்கும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் நான்கு, மேலே கம்பளி, அடியிலும் கம்பளி. ஹேர் டிரையரை நேராகப் பிடிக்காதீர்கள். மணிக்கு ஒன்றிரண்டு டிகிரி செல்சியஸ் ஏறினால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பம் பாருங்கள், 98.6 வந்ததும் பாட்டில்களை எடுத்துவிடுங்கள், மீதியை உடலே பார்த்துக்கொள்ளும். நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால் ஈறில் கொஞ்சம் தேன் அல்லது சர்க்கரைப் பாகு. மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இதெல்லாம் வண்டி வரும் வரைக்கும்தான்.

காதுநுனி, வால்நுனி வெளுத்து விறைப்பது நம் மலையில் அபூர்வம், அதற்கு இன்னும் கடுங்குளிர் வேண்டும். நம்மிடம் வருவதெல்லாம் நனைந்த நாய், கிழ நாய், குட்டி.

#18 சிறுத்தை_எச்சரிக்கை

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11: அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பது, வளர்ப்பவரே போதிய உணவு, நீர், தங்குமிடம் தராதது, காரணமின்றிக் கைவிடுவது எல்லாம் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆம், 50 ரூபாய். ஒரு கிலோ கேரட் விலைதான்.

#19 ஸ்காபரோ_பூனை

ஒன்ராறியோவில 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில பெரிய குற்றத்துக்கு, முதல் தடவையெண்டாலும், தனி ஆளுக்கே 130,000 டொலர் வரைக்கும் தண்டம், மறியலும் (சிறை) உண்டு.

#20 கேத்தி_புதுசு

இதுவரை முடிவு செய்தது. லேப்ரடார் அடுப்படிப் பின்னறையில், வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். சிப்பிப்பாறைக்கு வராந்தாவில் ஆசாரி அண்ணன் சொன்ன கூண்டு, வராந்தாவுக்கு வெல்டு மெஷ், அதன் மேல் இரவில் தார்ப்பாய். பூனைக்கு மீன் பெட்டி, பின்வாசல் பக்கம். சாப்பாடு எவ்வளவு கூட்ட வேண்டும்? ஸ்வெட்டரை இரவிலும் போட்டு விடலாமா?

#21 கால்நடை_உதவியாளர்

சிப்பிப்பாறைக்கு இப்போது கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கு கூட்டி, இரண்டு வாரம் பாருங்கள். விலா எலும்பைத் தடவினால் தெரிய வேண்டும், தூரத்திலிருந்து பார்த்து எண்ணக்கூடாது. இளைத்தால் இன்னொரு பங்கு. மட்டன் கொழுப்பைத் திடீரென்று அள்ளி வைத்தால் கணையம் வீங்கிவிடும். லேப்ரடார் உள்ளே இருக்கப் போகிறது, அதற்கு ஒரு பிடி கூடக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு கிலோவும் அதன் இடுப்பில்தான் உட்காரும்.

தண்ணீர்: குளிரில் குடிப்பது குறையும். காலையில் பாத்திரத்தின் மேல் பனியேடு படிந்திருந்தால் அதை உடைத்து விட்டால் போதாது, வெதுவெதுப்பாக மாற்றி வையுங்கள். வெளியில் எவர்சில்வர் வேண்டாம், கனத்த ரப்பர் பேசின். நடை காலை எட்டரைக்கு மேல், புல்லில் வெயில் விழுந்த பிறகு. குளிப்பாட்டுவது மாதம் ஒருமுறை, உச்சி வெயிலில், தோல் வரை உலர்த்த முடிகிற நாளில் மட்டும்.

ஸ்வெட்டர் இரண்டு வேண்டும், ஒன்று நனையும். கழுத்துச் சுற்று, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் அகலமான சுற்று, பட்டை விழும் இடத்திலிருந்து வால் வரை முதுகு, மூன்றையும் அளந்து வாங்குங்கள். சிப்பிப்பாறைக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம், ரெடிமேட் பெரும்பாலும் சரியாக உட்காராது. தையல்காரரிடம் ஃப்ளீஸ் துணி கொடுத்துத் தைப்பது சுலபம். ஆண் நாய் என்பதால் வயிற்றுப் பக்கம் முன்னால் பாதியோடு நிற்கட்டும், சிறுநீர் படக்கூடாது. கூண்டுக்குள் இரவில் போட்டு விடலாம், காலையில் கழற்றி அக்குளில் உராய்வு பாருங்கள். ஆள் இல்லாதபோது மெஷ் பக்கத்தில் தனியாகப் போட்டு விடாதீர்கள், மாட்டிக்கொள்ளும்.

#22 குன்னூர்_ஆசாரி

தம்பி, தார்ப்பாய அடியோட மூடிடாதீங்க. மேல ஒரு சாண் விட்டுக் கட்டுங்க. மூடினா வராந்தா முழுக்க வேர்த்துக் கூண்டு வெளிப்பலகை ஊறும்.

வைக்கோல் தரைக்கு ஒரு சாண் உயரம் போடுங்க, வாரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. மழை நாள்ல ஒரு பேப்பர் துண்ட அடிவைக்கோலுக்குள்ள சொருகி வச்சிட்டு காலையில எடுத்துப் பாருங்க. மொறமொறன்னு இருந்தா சரி, தொவண்டு போயிருந்தா அன்னிக்கே மாத்தணும்.

#23 கேத்தி_புதுசு

வைக்கோல் கேத்தியில் கிடைக்குமா?

#24 குன்னூர்_ஆசாரி

மேல நெல்லு ஏது? மேட்டுப்பாளையத்துலேருந்து வரும்போது வண்டியிலயே ரெண்டு கட்டு போட்டுட்டு வந்துடுங்க. மழையில நனையாம மூடி எடுத்துட்டு வாங்க.